ஓரத்தில் எழுதியவர்களையும் காப்பாற்றுங்கள்: நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்ககத்தாருக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், கிளை நூலகர்களுக்கும், பழைய நூல்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

இந்த ஆவணி மாதம் ஒரு பைண்டு புத்தகத்தைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த நூலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். நாலாவது பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. "என்னம்மா இது, பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கி வெச்சிருக்காங்க? இதை ரிஜிஸ்டர்ல ஏத்தினா ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. நல்ல காப்பியா இருந்தா கொண்டு வாங்க, வாங்கிக்கறேன்" என்றார்.

நல்ல காப்பி கடையிலேயே கிடைக்கும். இந்தக் கிறுக்கலுக்காகத்தான் நான் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவருக்கு விளங்கும்படி அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதைத்தான் இப்போது உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் வாராவாரம் வந்த தொடர். அப்போது என் அப்பா மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை நூல்நிலையம் வைத்திருந்தார். எட்டுக்குப் பத்து அறை, மூன்று அலமாரி, ஒரு மேஜை, கால் ஆடும் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைப் பின் கழற்றிப் பிரித்தெடுப்பார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஊசிநூலால் கோத்து, பத்திரிகை வாங்க முடியாதவர்களுக்குப் பத்து பைசாவுக்குக் கொடுப்பார். தொடர் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து பைண்டருக்குப் போகும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தப் புத்தகத்தில் பூச்சி ஏறவில்லை. முதுகில் காப்பிக்கொட்டை நிறக் காலிக்கோ துணி. ஒவ்வொரு அத்தியாயத்தின் பின்பக்கத்திலும் வேறு ஏதோ ஒரு கதையின் பாதி, அல்லது தைல விளம்பரம், அல்லது வெட்டுப்பட்ட ஒரு ஜோக்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முடிவைச் சொல்ல மாட்டேன். பெரிய சொத்துக்கு வாரிசு லீனா என்ற பெண். அவளுக்கு ஒரு சித்தப்பா. வக்கீல் கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் சொத்து விஷயமாகப் போகிறார்கள். போன இடத்தில் இரவில் ஒரு பெண்ணுருவம் தெரிகிறது. சாவுகள் விழுகின்றன. கணேஷ் அறிவியல் கட்சி: எதற்கும் விளக்கம் இருந்தாக வேண்டும். வசந்த், ஆவியாக இருந்தால்தான் என்ன என்று கேட்கிற கட்சி. பேயா, மனிதனா என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அந்தக் கதை ஒரு தமிழ்நாட்டையே வாராவாரம் காக்க வைத்தது.

அப்பா ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டைக்குள்ளும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருப்பார்: "நூலில் எழுதுதல், மடித்தல், எச்சில் தொட்டுப் புரட்டுதல் கூடாது." கறாரான ஆள். ஒரு பேனாக் கோட்டுக்கே நாலணா அபராதம் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கதைக்கு மட்டும் அவருடைய சட்டம் செல்லவில்லை.

முதல் கையெழுத்து நீல மை. பெண்ணுருவம் முதன்முதலில் தெரியும் இடத்தில், பக்க ஓரத்தில்: "பேயாவது பிசாசாவது. பின்னால் ஆள் இருக்கிறான்." அதற்குக் கீழே பென்சிலில் வேறு ஒருவர்: "எங்கள் ரைஸ்மில்லில் வந்து ஒரு ராத்திரி படுத்துப் பார்." அடுத்த பக்கத்தில் நீல மை பதில் எழுதுகிறது: "வருகிறேன். தேதி சொல்." பென்சில் தேதி சொல்லவில்லை. ஆனால் மூன்று அத்தியாயம் தள்ளி, வசந்த் வாதாடும் ஒரு வரியைக் கட்டம் கட்டி, "பார்த்தாயா!" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இன்னோர் இடத்தில் நிதானமான, சாய்வில்லாத எழுத்து: "விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிற". கடைசி எழுத்தைக் காணோம். பைண்டர் ஓரத்தைச் சீராக வெட்டியபோது அது போய்விட்டது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பைண்டு செய்வதற்கு முன்பே, அதாவது கதை முடிவதற்கு முன்பே, உதிரி அத்தியாயமாக அது கை மாறிக்கொண்டிருந்தபோதே எழுதிய வரி இது. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அந்த ஆளுக்குத் தெரியாது. அந்த வாரம் ஊரில் யாருக்குமே தெரியாது.

நான் சொல்ல வந்ததன் நடு மையம் இதுதான். கதை முடிந்த பிறகு கேட்டால் எல்லாரும் "நான் அப்பவே நினைச்சேன்" என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். துப்பறியும் கதையோடு ஆவியும் கலந்துவிட்டால், படிப்பவர் மனம் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நிற்கும் அந்த நேரம் மட்டும்தான் கதை உயிரோடு இருக்கிறது. பகலில் கணேஷ் கட்சி, ராத்திரி வசந்த் கட்சி. அந்தத் தடுமாற்றத்தை அச்சடித்த வரியில் தேடினால் கிடைக்காது. அது படித்தவரிடம் நடந்தது. அது நடந்ததற்கு நம் கையில் இருக்கிற ஒரே தடயம், வெட்டுப்பட்டுப்போன அந்த "இருக்கிற".

கதையில் ஒரு கட்டத்தில் ஹோலோகிராம் வருகிறது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்த இன்ஜினீயர். பேய்க்கதைக்குள் லேசரைக் கொண்டுவர அவரால் முடிந்தது. ஹோலோகிராம் என்ற உத்தியைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபோருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1971இல். மன்னார்குடியில் அந்தச் சொல்லைப் பெரும்பாலானவர்கள் முதன்முதலாகக் கேட்டது இந்தத் தொடரில்தான். அந்த அத்தியாயத்தில் ஒருவர், காலேஜ் மாணவராக இருக்க வேண்டும், பால்பாயிண்ட் பேனாவால் படமே போட்டிருக்கிறார். ஒரு லேசர், ஒளியை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடி, ஒரு பாதி பொருளின் மேல் பட்டு வருகிறது, மறு பாதி நேராகப் படத்தட்டுக்குப் போகிறது, இரண்டும் கலந்து தட்டில் பதிகிறது. அம்புக்குறி எல்லாம் சரியாக இருக்கிறது. படத்துக்குக் கீழே: "தட்டு எங்கே? தட்டின் வழியாகப் பார்த்தால்தான் உருவம் தெரியும். அது தட்டைத் தாண்டித் தோட்டத்தில் நடந்து போகாது."

அந்தப் பையன் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். இன்றைக்கும் ஹோலோகிராமில் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்குக் கீழே பழைய பென்சில்காரர் ஆனந்தமாகத் திரும்பி வருகிறார்: "அப்போ பேய்தான் என்று ஒத்துக்கொள்." மாணவர்: "ஒத்துக்க மாட்டேன். ஆசிரியர் எதையோ மறைக்கிறார். அடுத்த வாரம் பார்ப்போம்."

ஒரு சின்ன ஊரில், ரைஸ்மில்காரரும் பௌதிகம் படிக்கிற பையனும் நேருக்கு நேர் உட்கார்ந்து அறிவியல் விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்று வாதாடியிருக்க வாய்ப்பே இல்லை. ஒரே பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஒரு பத்து பைசா அத்தியாயத்தின் ஓரம் அவர்களைப் பேச வைத்திருக்கிறது. பகுத்தறிவு பற்றி எத்தனையோ மேடைப்பேச்சு அந்தக் காலத்தில் அச்சாகி இன்று உங்கள் அலமாரிகளில் பத்திரமாக இருக்கிறது. கேட்டவர்கள் திரும்பிக் கேட்ட கேள்வி எந்த அலமாரியில் இருக்கிறது?

முதல் அத்தியாயத்தின் தலைப்புக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. தினக் காலண்டர் தாளைக் கிழித்து அப்பா ஒட்டியது. கொலைகாரர் பெயரை யாரோ அங்கே எழுதிவைத்துவிட்டார்கள். வாடகை நூலகத்தில் படித்து வளர்ந்த எல்லாருக்கும் இந்தக் கொடுமை தெரியும். அப்பா அந்த வரியை அடிக்கவில்லை, சுரண்டவில்லை. அடுத்தவருக்குக் கதை கெடக் கூடாது என்று தாளை வைத்து மூடியிருக்கிறார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே எழுத்து நிழலாகத் தெரிகிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்க வேண்டுமென்றால், எப்படிப் பிரிப்பது என்று தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள்.

இனி எழுதப்போவதை இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன்.

கதையின் நடுப்பகுதியில் ஒரு பெண்ணின் கையெழுத்து இருக்கிறது. பெண் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, எழுதிய விஷயத்தைப் பார்த்துச் சொல்கிறேன். சிவப்பு மை. பள்ளிக்கூடத்தில் திருத்துகிற சிவப்பு. லீனாவின் சொத்து, சித்தப்பா என்று பேச்சு வருகிற பக்கத்தின் அடியில், இடமிருந்த அளவுக்குச் சின்ன எழுத்தாக: "கணேஷ் சார், எனக்குப் பேய் பயம் இல்லை. எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருக்கிறார். அப்பா போனதிலிருந்து பத்திரமெல்லாம் அவரிடம்தான். கேட்டால் ராத்திரியில் கத்துகிறார். இதற்கு என்ன செக்‌ஷன்?"

கதையில் வருகிற வக்கீலிடம் அவள் கேட்டிருக்கிறாள். ஊரில் கேட்க ஆள் இல்லாமல்தான் கேட்டிருப்பாள்.

அதற்குக் கீழே அப்பாவின் எழுத்து. இந்தப் புத்தகம் முழுவதிலும் அப்பா எழுதியது இந்த ஓர் இடத்தில்தான். கணக்கு நோட்டில் எழுதுகிற அதே குண்டெழுத்து: "கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் பச்சைக் கதவு வீடு. வக்கீல் நல்ல மனுஷர். என் பெயரைச் சொல்லவும். ஃபீஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அவள் போனாளா என்று எனக்குத் தெரியாது. அப்பா வாயைத் திறந்ததே இல்லை. அவர் போன பிறகு அலமாரியைத் துடைக்கும்போதுதான் நான் இதைப் பார்த்தேன். மற்ற பைண்டுகளில் எல்லாம் அந்தச் சிவப்பு மையைத் தேடினேன். எங்கும் இல்லை.

இருட்டும் கொலையும் ஆவியும் நிறைந்த கதை எதற்கு, அது மனதைக் கெடுக்கும் என்று சொல்கிறவர்கள் எப்போதும் உண்டு. இதே புத்தகத்தில் ஒருவர் கடைசிப் பக்கத்தில், "இதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நூல்நிலையத்தாருக்குப் பொறுப்பு வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய கவலையையும் நான் மதிக்கிறேன். அதுவும் காக்கப்பட வேண்டிய ஒரு குரல்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு எந்த இலக்கியமும் கொடுக்காத ஒன்றை இந்தக் கதை கொடுத்திருக்கிறது. தன் வீட்டில் நடப்பதற்கு ஒரு வடிவம் உண்டு, அது குற்றம், அதைக் கேட்க வக்கீல் என்று ஒருவர் உண்டு என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறது. பேய் நடமாடும் வீட்டைப் படித்துக்கொண்டிருந்தவள் தன் வீட்டை அடையாளம் கண்டுகொண்டாள்.

இப்படி எழுதியது அவள் ஒருத்தி மட்டும் இல்லை. லண்டனில் பேக்கர் தெருவுக்கு, கதையில் வரும் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் பெயரில் உலகமெங்குமிருந்து கடிதம் வந்துகொண்டே இருந்தது. அந்த முகவரிக்குரிய இடத்தில் 1932 முதல் இருந்தது அபே என்ற வீட்டுக்கடன் நிறுவனம். கடிதங்களைக் கிழித்துப் போடாமல், அவற்றுக்குப் பதில் எழுதுவதற்கென்றே ஒரு செயலாளரைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார்கள். எழுதினவர்களில் பலர் தங்கள் சொந்தக் கஷ்டத்தைத் தீர்த்துவைக்கச் சொல்லிக் கேட்டவர்கள். அதே ஹோம்ஸ் 1893இல் அருவியில் விழுந்து செத்ததாகக் கதை வந்தபோது வாசகர்கள் கொதித்துப்போய்ப் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். 1901இல் அவர் திரும்பி வந்தது, ஒரு குடும்பத்தையே துரத்துகிற பேய்நாய்க் கதையில். அதையும் பத்திரிகையில் மாதாமாதம்தான் படித்தார்கள். அந்த வாசகர்கள் என்ன நினைத்தார்கள் என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு கடன் கம்பெனிக்கு இருந்த பொறுமை நம் நூலகங்களுக்கு இல்லாமல் போகாது என்று நம்புகிறேன்.

நம்மிடம் என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். 1896இல் திறந்த கன்னிமாரா, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்கள் வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய வார இதழ்கள் அங்கே இருக்கும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கும். கதை அழியாது; பதிப்பகங்கள் திரும்பத் திரும்ப அச்சடிக்கின்றன. அழிந்துகொண்டிருப்பது என் துணிப்பையில் இருந்த மாதிரிப் புத்தகங்கள்தான். வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடினபோது அவை எடைக்குப் போயின. கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று என் காதாலேயே கேட்டிருக்கிறேன். இதே ஊரில் இன்னொரு வாடகை நூலகம் இருந்தது. அதன் அலமாரி காலியான அன்று அப்பா சாப்பிடவில்லை.

மட்டமான கதை, மட்டமான தாள், இதை எதற்கு அரசாங்கம் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், 1908இல் 'இராஜாம்பாள்' எழுதிய ஜே.ஆர்.ரங்கராஜுவையும், வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் நினைத்துப் பாருங்கள். வடுவூர் எங்கள் மன்னார்குடிக்குப் பக்கம்தான். அவர்கள் எழுதிய துப்பறியும் நாவல்களைப் பெரியவர்கள் அன்று வீட்டுக்குள் விடவில்லை. இன்று அவற்றின் முதல் பதிப்புக்கு ஆய்வாளர்கள் அலைகிறார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் எதையும் மட்டம் என்று ஒதுக்காமல் சேர்த்தார், நோட்டீசு வரைக்கும் சேர்த்தார். அதனால்தான் 1994இல் அந்தச் சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஒரு நூலகமே எழும்ப முடிந்தது. ஆனால் அந்த முதல் நாவல்களை அன்று திருட்டுத்தனமாகப் படித்த பெண்கள் என்ன நினைத்தார்கள்? பயந்தார்களா, சிரித்தார்களா? ஒரு வரி கிடைத்தால் போதும் என்று இன்று ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தை இன்னும் நூறு வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் நாம் மிச்சம் வைக்க வேண்டாம்.

பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதையும் காக்க வேண்டும். மின்னுருவாக்கம் செய்யும்போது தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்து ஏற்றிவிட்டுக் கடிதப் பக்கத்தையும் விளம்பரத்தையும் விட்டுவிடும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள். அட்டை முதல் அட்டை வரை எடுங்கள். இருந்தாலும் அச்சாகும் கடிதம் ஆசிரியர் குழு பொறுக்கி, வெட்டி, நாலு வரியாக்கியது. எழுதினவரும் தன் பெயர் வரும் என்று தெரிந்தே எழுதினார். ரைஸ்மில்காரர் குமுதத்துக்கு எழுதியிருக்க மாட்டார். சிவப்பு மைப் பெண் நிச்சயம் எழுதியிருக்க மாட்டாள்.

வாசகர் எதிர்வினைக்கு இருக்கும் பலம் சுஜாதாவுக்கே தெரியும். அவருடைய இன்னொரு தொடர், 'கருப்பு சிவப்பு வெளுப்பு', எதிர்ப்பு கிளம்பியதால் பாதியில் நின்றது. பின்னால் 'ரத்தம் ஒரே நிறம்' என்று மாறி வந்தது. கதையையே திருப்பிப் போடும் அளவுக்கு வலுவான ஒன்றை நாம் பதிவுகூடச் செய்யாமல் விடுகிறோம்.

இந்த இடத்தில் எழுத்தாளர் குடும்பங்களிடமும் ஒரு வார்த்தை. சுஜாதா 2008இல் போனார். குலதெய்வத்தையும் சித்தர்களையும் குற்றக்கதையோடு பின்னி, தொலைக்காட்சிவரை கொண்டுபோய் ஒரு தலைமுறையைத் தூங்கவிடாமல் செய்த இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மதுரையில் போனார். ஜனங்கள் படித்த எழுத்தாளர் யாராக இருந்தாலும் வீட்டில் எங்கோ ஒரு பெட்டியில் இன்லாண்டு லெட்டரும் போஸ்ட் கார்டும் கட்டுக்கட்டாக இருக்கும். வீடு மாற்றும்போது முதலில் வெளியே போவது அந்தப் பெட்டிதான். போட்டுவிடாதீர்கள். அது உங்கள் வீட்டு ஆளுக்கு மட்டும் வந்த கடிதம் என்று நினைக்காதீர்கள்.

நூலகத் துறையிடம் நான் கேட்பதில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வாசகர் குறிப்புகள் உள்ள பழைய பைண்டு, பாக்கெட் நாவல், தொடர்கதைத் தொகுப்பு எது வந்தாலும், "கிறுக்கல்" என்று திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ள ஒரு சுற்றறிக்கை வேண்டும். வாங்கிக்கொண்ட நூலகரை ஆடிட்டில் கேட்க மாட்டோம் என்று அதிலேயே எழுத வேண்டும். என்னைத் திருப்பி அனுப்பியவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். அந்தப் பயத்தை எடுக்க உங்களால்தான் முடியும். உங்கள் சொந்த அலமாரிகளிலிருந்து கிழிந்தது, கறைபட்டது என்று கழிக்கப் பட்டியல் போடும்போதும், ஒரே ஒரு முறை ஓரங்களைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கிளை நூலகங்களில் இந்த வகைக் கதைகள்தான் அதிகம் கை பட்டவை. அதனாலேயே முதலில் கழிக்கப்படுபவையும் அவைதான். நூற்பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு நேரே "வாசகர் குறிப்புகள் உண்டு" என்று மூன்றே சொல் சேருங்கள். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் எந்த ஆய்வாளராலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

புத்தகத்தில் எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. பொது நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு; இன்றைக்கு என் பேத்தி எழுதினால் நானே காதைத் திருகுவேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியாகிவிட்டது. அது அன்று குற்றம், இன்று ஆவணம். ஓலைச்சுவடியின் கடைசியில் படியெடுத்தவர் பெயரும், பிழை பொறுக்கச் சொல்லும் வரியும் இருந்தால் அதைச் சுரண்டி எடுக்கிறோமா? நம் பழைய நூல்களில் பாதி நமக்கு உரையோடுதான் வந்து சேர்ந்தன. ஒருவர் படித்து, திகைத்து, விளக்கம் எழுதி, அடுத்தவர் அதை மறுத்து எழுதி, அப்படியே கை மாறி வந்தவை. ரைஸ்மில்காரரை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் என்று நான் சொல்லவில்லை. படித்ததோடு ஓரத்தில் சண்டை போடுகிற பழக்கம் நம் மண்ணில் பழையது என்று மட்டும் சொல்கிறேன்.

எழுதினவர்களின் அந்தரங்கத்தையும் யோசித்திருக்கிறேன். சில குறிப்புகளில் பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது. அந்தப் பக்கங்களை உடனே எல்லாருக்கும் திறந்துவிட வேண்டாம். படமெடுத்து வைத்து, இத்தனை வருஷம் கழித்துத்தான் காட்டுவது என்று ஒரு விதி செய்யுங்கள். இந்தக் கடிதத்தில் நான் எழுதிக் காட்டியவை யாரையும் அடையாளம் காட்டாதவை. அந்தச் சிவப்பு மைக்காரி இன்று எங்காவது பேரன் பேத்தியோடு இருக்கலாம். அவளுக்குச் சங்கடம் வரும் எதையும் நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யக் கூடாது.

ஒரு ரூபாய் வீட்டுவரிக்குப் பத்து பைசா என்று நூலக வரி கட்டுகிறோம். 1948இல் இந்த மாகாணத்தில்தான் நாட்டின் முன்னோடியான பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பாடுபட்ட சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். நூலகர்களான உங்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் புத்தகத்துக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள். பதினோரு கையெழுத்து எண்ணினேன். அவர்களோடு சேர்த்து அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அப்பாவின் அலமாரியில் இது போல இன்னும் 63 பைண்டு இருக்கிறது. எல்லாவற்றிலும் குறிப்பு இல்லை. பேய் வருகிற கதைகளில்தான் அதிகம். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கத்தில் எந்த நிற மையில் எழுத்து இருக்கிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். விலை வேண்டாம். யார் வந்தாலும் கொடுக்கிறேன். வர முடியாவிட்டால், எங்கே வரச் சொல்கிறீர்களோ அங்கே நானே கொண்டுவருகிறேன். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். அலமாரி இருக்கிற கிழக்குச் சுவரில் போன வருஷமே ஓதம் ஏறிவிட்டது. இப்போதைக்கு எல்லாவற்றையும் இறக்கி, வேப்பிலை போட்டு, கட்டிலின் மேல் அடுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மன்னார்குடி வாடகை நூல்நிலையத்துக்காரர் மகள்